தோட்டப்புற ஊரிலிருந்து ஒரு டெக்னோ லேபிளின் புதிய வெளியீடுகளைப் பின்தொடர்வது எப்படி

மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் தீபாவளிக்குப் பலகாரச் சாமான் வாங்கலாம், திருவிழாவுக்கு உறுமி மேளக் குழுவுக்குச் சொல்லிவைக்கலாம், மோட்டார் சைக்கிளுக்கு வேண்டிய உதிரிப்பாகத்தை அரை மணி நேரத்தில் தேடிப்பிடித்துவிடலாம். ஆனால் டெக்னோ என்னும் மின்னணு நடன இசையின் தட்டு ஒன்றை எந்தக் கடையிலும் கேட்டு வாங்க முடியாது. இதை நெடுநாள் ஒரு குறையாகவே நினைத்திருந்தேன். பெர்லினிலோ அமெரிக்காவின் டெட்ராய்ட்டிலோ உள்ள ஒரு சிறிய லேபிள், அதாவது இசை வெளியீட்டு நிறுவனம், தன் அடுத்த வெளியீட்டை இணையத்தில் ஏற்றும்போது, அது அந்த ஊர்க்காரருக்கும் செம்பனைக்கு நடுவே குடியிருக்கும் நமக்கும் ஒரே நேரத்தில்தான் கிடைக்கிறது என்பது பிறகுதான் உறைத்தது. நமக்கு உண்மையில் குறைவது, எதை எந்த வரிசையில் கேட்பது என்று பக்கத்திலிருந்து சொல்லித்தரும் ஆள்தான்.

டெக்னோவை அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்டு, பிடித்துப்போய், அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் ஆலோசனை ஒன்றுதான்: ஒரே ஒரு சுயாதீன லேபிளைத் தேர்ந்தெடுத்து, அது வெளியிடும் ஒவ்வொன்றையும் ஓராண்டுக்கு வரிசை தவறாமல் கேளுங்கள். செயலிகள் தொகுத்துத் தரும் பாடல் பட்டியல்களை அந்த ஓராண்டுக்கு ஒதுக்கி வையுங்கள்.

லேபிளை ஏன் பிடித்துக்கொள்ள வேண்டும்

திரைப்பாடலில் நாம் இசையமைப்பாளரின் பெயரைத் தேடுகிறோம். டெக்னோவில் பெயரைத் தேடினால் வழி தவறிவிடும்; ஒரே ஆள் நான்கு புனைபெயரில் இசையமைப்பார், சிலர் முகமூடி அணிந்துகொண்டு பெயரே போடமாட்டார்கள். தொடர்ச்சி இருப்பது லேபிளிடம். இது தொடக்கத்திலிருந்தே அப்படித்தான். டெட்ராய்ட்டில் ஹுவான் அட்கின்ஸ் 1985-இல் மெட்ரோபிளெக்ஸ் என்ற லேபிளையும், டெரிக் மே 1986-இல் டிரான்ஸ்மாட்டையும், கெவின் சாண்டர்சன் அதற்கடுத்து கேஎம்எஸ்ஸையும் தொடங்கி, தம் இசையைத் தாமே தட்டாக்கி விற்றார்கள். மைக் பேங்க்ஸும் ஜெஃப் மில்ஸும் அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் என்ற பெயரில் பெரிய நிறுவனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே இயங்கினார்கள்; மில்ஸ் பின்னர் பிரிந்து 1992-இல் ஆக்சிஸ் லேபிளை அமைத்தார். பெர்லினில் பழைய அங்காடி ஒன்றின் நிலத்தடிப் பெட்டக அறையில் 1991-இல் திறந்த டிரெசோர் என்னும் கேளிக்கையகம், அதே ஆண்டில் லேபிளாகவும் ஆனது. அதன் முதல் தட்டே டெட்ராய்ட்காரர்களிடமிருந்து வந்ததுதான்.

இத்தகைய லேபிள்களின் வெளியீட்டைத் தனித்தனிப் பாடலாகக் கேட்டால் பாதிதான் விளங்கும். ஒவ்வொன்றும் முன்னதற்குப் பதிலாக வருவது. மோரிட்ஸ் ஃபோன் ஓஸ்வால்டும் மார்க் எர்னஸ்டஸும் 1993-இல் தொடங்கிய பேசிக் சேனல், விரல்விட்டு எண்ணக்கூடிய தட்டுகளையே வெளியிட்டது. அவற்றை எண் வரிசையில் கேட்பவருக்கு, தாளம் சிறிது சிறிதாகப் பின்வாங்கி எதிரொலியும் இரைச்சலும் முன்னுக்கு வரும் பயணம் தெளிவாகத் தெரியும்.

எந்த லேபிளைத் தேர்வது

உங்களுக்குப் பிடித்த ஏதாவது ஒரு டெக்னோ இசையை எடுத்து, அதை வெளியிட்டது யார் என்று பாருங்கள். பிறகு டிஸ்காக்ஸ் தரவுத்தளத்தில் அந்த லேபிளின் பக்கத்தைத் திறந்து, வெளியீடுகளை எண் வரிசையில் அடுக்கிப் பாருங்கள். 2000-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் அந்தத் தளத்தில் தட்டு சேகரிப்பவர்களே விவரங்களைப் பதிவதால், எந்த ஆண்டு, எந்தப் பதிப்பு, யார் வேலை என்பதெல்லாம் பெரும்பாலும் துல்லியமாகவே இருக்கும்.

ஆண்டுக்கு நான்கு முதல் எட்டு வெளியீடு தரும் லேபிள் புதியவருக்கு ஏற்றது. வாரத்துக்கு ஒன்று என்று கொட்டும் லேபிள்களை நான் நம்புவதில்லை. அங்கே தேர்வு செய்கிறவர் யாரும் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. கடந்த பன்னிரண்டு மாதங்களில் ஒன்றுகூட வரவில்லை என்றாலும் விட்டுவிடுங்கள், ஏனெனில் பின்தொடர ஏதாவது வந்துகொண்டிருக்க வேண்டும். மிகப் பழைய, புகழ்பெற்ற லேபிளாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. உண்மையில், பத்து அல்லது பதினைந்து வெளியீடு கண்ட இளம் லேபிளே நல்லது. அதன் முழு வரலாற்றையும் இரண்டு வார இறுதிகளில் கேட்டு முடித்துவிட்டு, புதிதாக வருவதைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம்.

தேர்ந்தெடுத்தபின், லேபிள்கள் தம் இசையை நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் அந்த லேபிளின் பக்கத்துக்குப் போய் ‘பின்தொடர்’ பொத்தானை அழுத்துங்கள். அதன்பிறகு ஒவ்வொரு வெளியீட்டுக்கும் மின்னஞ்சல் வந்துவிடும். வேறு எந்த அறிவிப்பும் உங்களுக்குத் தேவையில்லை.

வெளியீட்டுப் பக்கத்தைப் படிப்பது

மின்னஞ்சல் வந்தவுடன் இசையை ஓடவிடாதீர்கள். முதலில் வெளியீட்டு எண்ணைப் பாருங்கள். லேபிளின் பெயரைச் சுருக்கிய எழுத்துகளும் அதற்குப் பின்னால் ஓர் எண்ணும் இருக்கும். சேகரிப்பவர்கள் பேசிக்கொள்வது இந்த எண்ணை வைத்துத்தான். இடையில் எண் தாவியிருந்தால், ஒரு தட்டு தாமதமாகிறது என்றோ, இணையத்தில் வராமல் தட்டாக மட்டும் வந்துவிட்டது என்றோ பொருள் கொள்ளலாம். எண்ணுக்குப் பின்னால் கூடுதல் எழுத்து ஒட்டியிருந்தால் அது மறுபதிப்பாகவோ, வேறொருவர் மாற்றியமைத்த ரீமிக்ஸ் பதிப்பாகவோ இருக்கக்கூடும். மறுபதிப்பைப் புதிய இசை என்று நினைத்து ஏமாறுவது புதியவர்களுக்கு அடிக்கடி நேர்வது. எடுத்துக்காட்டாக, டெட்ராய்ட்டின் டிரெக்சியா இரட்டையர் 1999-இல் டிரெசோருக்குத் தந்த ஆல்பத்தின் எண் 129; அது பின்னாளில் மறுபதிப்பாகவும் வந்தது. புத்தம்புதிய அட்டையைப் பார்த்து அதை இன்றைய இசையென்று எடைபோட்டால், அதற்குப் பின் வந்தவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்டதையெல்லாம் தலைகீழாகப் புரிந்துகொள்வோம்.

அடுத்தது வரிசை. ஏ1, ஏ2, பி1, பி2 என்று இருந்தால் அது பன்னிரண்டு அங்குலத் தட்டின் இரு பக்கங்களைக் குறிக்கிறது. நடன அரங்குக்கென்று செய்ததை ஏ1-இல் வைப்பதும், தாளம் உடைந்த, மெதுவான, துணிச்சலான முயற்சியைப் பி2-இல் ஒளித்துவைப்பதும் பல லேபிள்களின் பழக்கம். நான் எப்போதும் பி2-வைத்தான் முதலில் கேட்பேன். லேபிள் அடுத்து எங்கே போகப்போகிறது என்பதை அது பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடும்.

கடைசி வரிகளில் சிறிய எழுத்தில் இருக்கும் பெயர்களை விட்டுவிடாதீர்கள். ரீமிக்ஸ் செய்தவர், ஒலியை இறுதியாகச் செப்பம் செய்யும் மாஸ்டரிங்கைச் செய்தவர், தட்டில் ஊசி ஓடும் வரிகளை வெட்டியவர் ஆகியோரே அவர்கள். டெட்ராய்ட்டின் பழைய தட்டுகள் பலவற்றை வெட்டியவர் ரான் மர்ஃபி என்ற ஒரே பொறியாளர். தட்டின் நடுவட்டத்துக்கு அருகில் அவர் கீறிய எழுத்துகளைத் தேடிப் பார்க்கிறவர்கள் இன்றும் உண்டு. லேபிள் எழுதும் விளம்பரப் பத்தியையோ படிக்காமலே தாண்டிவிடலாம். ‘இருண்ட’, ‘அதிரும்’, ‘விண்வெளி’ என்ற மூன்று சொற்களை வைத்துக்கொண்டு அதில் பாதியை நாமே எழுதிவிட முடியும்.

கேட்கும் முறை

இங்குதான் நேரம் செலவிட வேண்டும்.

முதலாவதாக, கைப்பேசியின் சொந்த ஒலிபெருக்கியில் டெக்னோவைக் கேட்டு எந்த முடிவுக்கும் வராதீர்கள். டெக்னோவின் முதுகெலும்பான கிக் டிரம் என்னும் கனத்த மேள அடியின் அடிச்சுருதி பெரும்பாலும் 50, 60 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். கைப்பேசியின் குட்டி ஒலிபெருக்கிக்கு அந்த ஒலி எட்டவே எட்டாது. கேட்பதெல்லாம் ‘டிக் டிக்’ என்ற மேலோசைதான். விலை குறைந்த கம்பி ஹெட்போன் ஒன்று போதும். பெரிய ஸ்பீக்கர் இருந்தால் மகிழ்ச்சி. ஆனால் லயத்து வீட்டிலும், சுவரோடு சுவர் ஒட்டிய தாமான் வீட்டிலும் தாழ்ந்த ஒலி பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை ஆட்டும் என்பதை மறக்க வேண்டாம்.

இரண்டாவதாக, எண்ணிக்கொண்டே கேளுங்கள். டெக்னோவில் பெரும்பாலும் நான்கு தாளத் தட்டு (பீட்) ஒரு சுற்று. தேவார வகுப்பிலோ மிருதங்க வகுப்பிலோ ஆதி தாளம் போட்டுப் பழகியவர்களுக்கு இது எளிது: எட்டு எண்ணிக்கை கொண்ட ஓர் ஆவர்த்தனம் முடிந்தால் இரண்டு சுற்று கடந்திருக்கும். நிமிடத்துக்கு 128 தட்டு என்ற வேகத்தில் ஓடும் இசையில் பதினாறு ஆவர்த்தனம், அதாவது முப்பத்திரண்டு சுற்று, சரியாக ஒரு நிமிடம். மாற்றங்கள் எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு என்ற எல்லைகளில்தான் பெரும்பாலும் நிகழும்: ஜால்ரா போல ஒலிக்கும் ஹை-ஹாட் நுழையும், கைத்தட்டல் மறையும், மின்னணு இசைக்கருவியான சிந்தசைசரின் ஒலி வடிகட்டி மெல்லத் திறக்கும். எல்லை எங்கே என்று உடலுக்குத் தெரிந்துவிட்டால், ஓர் இசையமைப்பாளர் அதை வேண்டுமென்றே ஒரு தட்டு முன்னதாகவோ ஒரு சுற்றுத் தாமதமாகவோ மீறும்போது சிரிப்பே வந்துவிடும். அந்தச் சிரிப்பு வரும்வரை எண்ணுங்கள். வந்தபின் எண்ண வேண்டியதில்லை.

மூன்றாவதாக, முழுவதும் கேளுங்கள். பாலர் பள்ளி நாள்முதல் என்னை வளர்த்த ஆயா, நான் ஒரு தட்டை ஓடவிட்டிருந்தபோது வாசலில் உட்கார்ந்தபடி, “ஏன்யா, பாட்டு எப்போதான் ஆரம்பிக்கும்?” என்று கேட்டார். அப்போது நான்கு நிமிடம் கடந்திருந்தது. கேலியாகக் கேட்டாலும் கேள்வி நியாயமானதே. டிஜே ஒருவர் முந்தைய இசையின்மேல் இதைப் பொருத்தி இழைப்பதற்காகவே தொடக்கத்திலும் முடிவிலும் வெறும் தாளத்தை நீளமாக விட்டிருப்பார்கள். வீட்டில் கேட்கிறவருக்கு அது காத்திருப்பாகத் தோன்றும். ஆயாவுக்கு நான் சொன்ன விடை, அவருடைய வேலையிலிருந்தே எடுத்தது. முப்பது ஆண்டுக்கு மேல் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் அவர். விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்குப் போய், அதே நிரையில், அதே மரத்தில், நேற்று வெட்டிய அதே கோட்டின் ஓரமாக ஒரு மெல்லிய சீவலை மட்டும் எடுப்பார். ஆழமாகப் போனால் மரம் காயப்படும், மேலோட்டமாகச் சீவினால் பால் வராது. ஒரு நாளைப் பார்த்தால் எதுவும் மாறியதாகத் தெரியாது, ஓராண்டு கழித்துப் பார்த்தால் பட்டையில் கோடு வெகுதூரம் இறங்கியிருக்கும். “அந்த மாதிரிதான் ஆயா, இதுவும் கொஞ்சம் கொஞ்சமாத்தான் இறங்கும்” என்றேன். “அப்ப சத்தத்தையும் கொஞ்சம் இறக்கு” என்றார்.

உறுமி கேட்டு வளர்ந்த காதுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழும் முனகல், ஒரு சுரத்தில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போகிறது அல்லவா? ரோலண்ட் நிறுவனம் 1981-இல் வெளியிட்ட டிபி-303 என்ற சிறு கருவியின் ஒலி என்னை முதலில் ஈர்த்ததற்கு அந்த வழுக்கலே காரணம். கிட்டார் வாசிப்பவருக்குத் துணையாகத் தாழ்சுரம் தருவதற்கென்று செய்த அந்தக் கருவி விற்பனையில் தோற்றுப்போய், பழைய பொருள் கடைகளில் மலிவாகக் கிடைத்தபோது சிக்காகோ இளைஞர்கள் அதைக் கையில் எடுத்தார்கள். ‘ஆசிட்’ என்ற பெயர் பெற்ற அந்த ஒலி டெக்னோவுக்குள்ளும் புகுந்தது. ஒரு வெளியீட்டில் ‘303’ என்றோ ‘ஆசிட்’ என்றோ குறிப்பு இருந்தால், காதை உறுமியிடம் வைப்பதுபோல் வைத்துக் கேளுங்கள். அதேபோல, ‘909’ என்று கண்டால் அது 1983-இல் வந்த டிஆர்-909 டிரம் மெஷின். டெக்னோவின் கிக் ஒலியும் ஹை-ஹாட் ஒலியும் பெரும்பகுதி அதிலிருந்து வந்தவை அல்லது அதைப் பின்பற்றியவை.

நான்காவதாக, புதிய வெளியீட்டைக் கேட்டு முடித்தவுடன் அதே லேபிளின் முந்தைய இரண்டு வெளியீடுகளை மீண்டும் ஒருமுறை கேளுங்கள். வேகம் கூடியிருக்கிறதா, எதிரொலி வற்றியிருக்கிறதா, குரல் நுழைந்திருக்கிறதா என்பதெல்லாம் இந்த ஒப்பீட்டில்தான் பிடிபடும். பல லேபிள்கள் அண்மைக் காலத்தில் நிமிடத்துக்கு 140 தட்டையும் தாண்டிப் போய்க்கொண்டிருக்கின்றன; நீங்கள் பின்தொடரும் லேபிள் அந்த ஓட்டத்தோடு ஓடுகிறதா, பிடிவாதமாக 125-இல் நிற்கிறதா என்பதே அதன் குணத்தைப் பாதி சொல்லிவிடும். எனக்குப் பிடிவாதக்காரர்களைத்தான் பிடிக்கும்.

555 நோட்டு

கேட்டதை எழுதி வைக்க வேண்டும். மளிகைக் கடைக்காரர் கடன் கணக்கு எழுதுவாரே, சட்டைப்பையில் அடங்கும் அந்த 555 நோட்டு இதற்கு மிகவும் பொருத்தம், ஏனெனில் அதில் அதிகம் எழுத இடமில்லை. வெளியீட்டு எண், தேதி, ஏறத்தாழ வேகம், பிறகு ஒரே ஒரு வரி. பெர்லினில் 1989-இல் தொடங்கிய ஹார்ட் வாக்ஸ் கடை தன் தட்டுகளுக்கு எழுதும் குறிப்புகள் இப்படித்தான் ஒற்றை வரியில் முடியும்; உலகெங்கும் உள்ள டிஜேக்கள் அந்த ஒரு வரியை நம்பித் தட்டு வாங்குகிறார்கள். ‘நன்றாக இருந்தது’ என்று எழுதாதீர்கள். ‘பி2: கிக் இல்லை, மழை பெய்கிற தகரக் கூரை, ஐந்தாம் நிமிடத்தில்தான் தாழ்சுரம்’ என்று எழுதினால் ஆறு மாதம் கழித்துப் படித்தாலும் இசை காதில் ஓடும்.

வாங்குவது

ஆண்டுக்கு ஆறு வெளியீடு கேட்டு, அவற்றில் இரண்டையோ மூன்றையோ வாங்கினால் போதும். சிறிய லேபிளுக்கு அந்த இரண்டு மூன்று விற்பனையே பெரிது. பல தட்டுகள் 300 அல்லது 500 பிரதிக்கு மேல் அச்சாவதில்லை.

கோப்பாக வாங்கும்போது பேண்ட்கேம்ப் எம்பி3, ஃபிளாக், வேவ் முதலிய பல வடிவங்களைத் தருகிறது. ஒருமுறை பணம் கட்டினால் எல்லா வடிவத்திலும் இறக்கிக்கொள்ளலாம். ஆறு நிமிட இசை உயர்தர எம்பி3-இல் ஏறத்தாழ 14 மெகாபைட்டும், வேவ் வடிவில் 60 மெகாபைட்டுக்கு மேலும் இருக்கும். தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் இரண்டுக்கும் நடுவே நிற்கும். ஃபிளாக்கை வீட்டுக் கணினியில் சேமித்துவிட்டு, கைப்பேசியில் எம்பி3 வைத்துக்கொள்வது என் வழக்கம்.

டிஜிட்டல் விற்பனையில் அந்தத் தளம் வழக்கமாக 15 விழுக்காட்டைத் தன் பங்காக எடுத்துக்கொள்கிறது. 2020 மார்ச்சில், பெருந்தொற்றுக் காலத்தில் தொடங்கிய ‘பேண்ட்கேம்ப் வெள்ளி’ நாள்களில் மட்டும் அந்தப் பங்கை விட்டுக்கொடுக்கிறது. எல்லா மாதமும் அந்த நாள் வருவதில்லை, தேதியை முன்பே அறிவித்துவிடுவார்கள். கணக்கு அமெரிக்காவின் மேற்குக் கரை நேரப்படி என்பதால், நமக்கு அது வெள்ளி பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கிச் சனி பிற்பகல் 3 மணிக்கு முடியும். அமெரிக்காவில் குளிர்கால நேரம் நடப்பில் உள்ள மாதங்களில் இரண்டுமே 4 மணி. வெள்ளி காலையிலேயே எழுந்து வாங்கிவிட்டுப் பிறகு வருந்தியவன் நான்.

தட்டாக வாங்குவதானால் தபால் செலவைப் பார்த்தபின்தான் விலையைப் பாருங்கள். ஐரோப்பாவிலிருந்து ஒற்றைத் தட்டை வரவழைத்தால் தட்டின் விலையைத் தபால் செலவு எட்டிப்பிடித்துவிடும். நண்பர் இருவரோடு சேர்ந்து மூன்று நான்கு தட்டாக ஒரே பொட்டலத்தில் வரவழைப்பதே கட்டுப்படியாகும். 2024 ஜனவரி 1 முதல், பதிவு பெற்ற இணைய விற்பனையாளர் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத பொருளுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பொட்டலம் வரும் நாளில் வீட்டில் ஆள் இருக்கட்டும். ஒருமுறை, கொண்டுவந்தவர் அழைத்தும் பார்க்காமல், நண்பகல் வெயிலில் வாசல் கதவுக்கு மேல் செருகிவிட்டுப் போய்விட்டார். நான் வேலை முடிந்து வந்தபோது தட்டு அப்பளம்போல் வளைந்திருந்தது. வளைந்த தட்டை நேராக்க இணையத்தில் நூறு வைத்தியம் சொல்வார்கள், எதுவும் எனக்குப் பலிக்கவில்லை. வந்த தட்டை நிற்கவைத்தே அடுக்குங்கள், ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைக்காதீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் அட்டை உறையில் பூஞ்சை பிடிப்பது உறுதி. உள்ளுறையைக் காகிதத்திலிருந்து பிளாஸ்டிக்குக்கு மாற்றி, அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தால் ஓரளவு தப்பலாம்.

ஓடவிடும்முன் வேகத்தைச் சரிபாருங்கள். பன்னிரண்டு அங்குலத் தட்டு நிமிடத்துக்கு 45 முறை சுழல்வதாகவும் இருக்கலாம், 33 முறை சுழல்வதாகவும் இருக்கலாம். 45-இல் ஓட வேண்டியதை 33-இல் ஓடவிட்டால் 128 தாளத் தட்டு வேகம் 95-ஆகச் சுருங்கிவிடும். (ஒரு மாதம் முழுவதும் அப்படியே ஒரு தட்டைக் கேட்டு, ‘என்ன அடக்கமான இசை’ என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.) சில டெக்னோ தட்டுகளில், ஊசி அதே வட்டத்திலேயே முடிவில்லாமல் சுற்றும் பூட்டிய வரி ஒன்றும் இருக்கும். 33-இல் தட்டு ஒருமுறை சுற்ற 1.8 நொடி ஆகும். நிமிடத்துக்கு 133 தாளத் தட்டுக்குச் சற்றே மேலான வேகத்தில் நான்கு தாளத் தட்டு சரியாக அந்த 1.8 நொடிக்குள் அடங்கும் என்பதால், அந்தக் கணக்கில் வெட்டிய வரி தாளம் தப்பாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். ஊசியை நாமே தூக்கினால்தான் நிற்கும்.

ஓராண்டு முடிந்தபின்

நோட்டைத் திறந்து, ரீமிக்ஸ் செய்தவர்களின் பெயர்களை மட்டும் தனியே எழுதுங்கள். இரண்டு முறைக்கு மேல் வந்த பெயர் எதுவோ, அவருக்குச் சொந்தமாக ஒரு லேபிள் இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். உங்கள் இரண்டாம் ஆண்டு லேபிள் அதுவே. நீங்கள் பின்தொடர்ந்த லேபிள் மூடப்பட்டுவிட்டாலும் இதே வழிதான். பெர்லினின் பெர்க்ஹைன் கேளிக்கையகத்தைச் சேர்ந்த ஓஸ்ட்குட் டோன் 2005-இல் தொடங்கி 2021-இல் நிறுத்திக்கொண்டபோது, அதில் இசையமைத்தவர்கள் வேறு லேபிள்களிலும் தங்கள் சொந்த லேபிள்களிலும் தொடர்ந்து வெளியிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். பழைய லேபிளின் பக்கத்தைப் பின்தொடர்வதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். மறுபதிப்பு ஏதும் வந்தால் அந்த மின்னஞ்சல் முகவரிக்குத்தான் முதலில் செய்தி வரும்.